காயப்போட்ட கூடாரம்

மெர்ஷாவால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. விமானப்படைத் தளம் இருக்கும் தெப்ரஸைத் ஊரின் சந்தைக்குப் போய் வந்தால், வழியில் எத்தனை கழுதை, எத்தனை கறுப்புக் குடை என்று சொல்லிவிடுவான். எதிரியின் நிலத்துக்கு மேலே பறந்து, லாரிகளையும் பீரங்கிகளையும் படமெடுத்து வருவது அவன் வேலை. கல்யாணமான பதினோரு வருடத்தில் அவன் எண்ணிக்கை பிசகி மனைவி அஸ்கலே பார்த்ததில்லை.

எல்லையோரப் பாலைநிலமான ஒகாதேனில் போர் மூண்ட மழைக்காலத்தில் ஒருநாள் தனியாகப் பறந்து போனவன் திரும்பவில்லை. விமானத் தளத்திலிருந்து வந்த அதிகாரி, "இன்னும் வந்து சேரலம்மா. வேற ஒண்ணும் தெரியாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த ஊரில் சாவுச் செய்தியை வீட்டுக்காரியிடம் உடனே சொல்வதில்லை. முதலில் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு விடியலில் எல்லோரும் சேர்ந்து வந்து வாசலில் நிற்பார்கள். அஸ்கலேயும் இரண்டு விமானிகளின் வீட்டு வாசலில் அப்படிப் போய் நின்றவள்தான். முந்தின நாள் மாலைவரை அந்தப் பெண்களோடு சிரித்துப் பேசியவள்.

அதனால் அவள் முகங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் புருஷன் எங்கயாச்சும் ஒட்டகத்த எண்ணிட்டிருப்பான்டி. எண்ணி முடிக்காம வருவானா?" என்று பக்கத்து வீட்டு எத்தாகென் கேலி செய்வாள். ஆறாவது வாரம் அந்தக் கேலி நின்றது. கடைக்காரர் அஸ்கலேயைக் கண்டதும் வானொலிச் சத்தத்தைக் குறைத்தார்.

மழை விட்ட ஒரு மதியம், இழவுச் சங்கத்தின் கூடாரம் தேவாலயச் சுவர்மேல் விரித்துக் கிடந்தது. சாவு விழுந்த வீட்டு முற்றத்தில் அடிக்கும் கூடாரம் அது. ஊரில் யாரும் செத்ததாக அவள் கேள்விப்படவில்லை.

மறுநாள் விடியலில் தகரக் கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தாள். இருபது பேர் இருக்கும். பெண்கள் எல்லோரும் வெள்ளை மேலாடையின் கரை கழுத்தருகே வரும்படி புரட்டிப் போர்த்தியிருந்தார்கள். துக்கத்துக்குப் போகும்போதுதான் அப்படிப் போர்த்துவார்கள்.

அஸ்கலே தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவர்கள் உள்ளே வராதவரை மெர்ஷா உயிரோடு இருக்கிறான்.

"கதவத் தெற, தங்கச்சி" என்றாள் எத்தாகென்.

"எதுக்கு?"

"வெளிய நின்னு சொல்ற விஷயமாடி இது?"

"அவரு செத்தத யாரு பாத்தா? அதச் சொல்லுக்கா, தெறக்கறேன்."

எத்தாகென் சங்கத் தலைவர் கிசாசெவ் பக்கம் திரும்பினாள்.

"தளத்துலேருந்து உங்களுக்குத்தானே சேதி வந்துச்சு?"

"எனக்கா? நீங்கள்லாம் கெளம்புனீங்க, நானும் வந்தேன்."

"அப்ப கூடாரத்த எதுக்குய்யா எடுத்தீங்க?"

"பூசணம் புடிச்சுக் கெடந்துச்சு. வெயில் வந்துச்சேன்னு காயப்போட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் காது மந்தமான ஒருத்தி அதற்குள் மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் அழுகை வந்துவிட்டது. செய்தியே இல்லாமல் இருபது பேர் மெர்ஷாவுக்காக அழுதார்கள்.

"போங்க" என்றாள் அஸ்கலே. "பாத்தவங்க யாராச்சும் வந்தா, அவங்களக் கூட்டிட்டு வாங்க."

கூட்டம் கலைந்தது. உயிரோடு இருப்பவனுக்கு அழுதுவிட்டோமோ என்ற பயத்தில், அதன்பிறகு வெகுநாள் யாரும் அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

போர் முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. படையின் பதிவேட்டில் மெர்ஷா இன்னும் திரும்பாதவன்தான். அஸ்கலே அதே வீட்டில் இருக்கிறாள். செத்தவர்களுக்காகத் தேவாலயத்தில் செய்யும் நாற்பதாம் நாள் பூசை அவனுக்கு இன்றுவரை நடக்கவில்லை.