கடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சூட்டி பக்கத்து வீட்டுக் குழந்தையின் காலைக் கடித்துவிட்டது.

சூட்டி என்பது பூனைக்குட்டி. மூன்று மாதம் இருக்கும். தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பிறந்தது. தாய்ப்பூனை லொறியில் அடிபட்டுச் செத்தது. கூடப் பிறந்தவை என்ன ஆயின என்று தெரியாது. இது மட்டும் கத்திக்கொண்டு கிடந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போது மடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. கால் பெருவிரலில் இரண்டு சின்ன ஓட்டை. ஒரு சொட்டு இரத்தம். தாய் வசந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன் — எனக்கு அது சுலபம். அவள் பைப்படியில் உட்கார்ந்து குழந்தையின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு நிமிர்ந்து, "வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒங்க பூனைதானே" என்றாள்.

த்ரீவீல் பிடித்து ருவான்வெல்லை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கெதர பூசாத?" என்று நர்ஸ் கேட்டார். வீட்டுப் பூனையா? ஆமாம் என்றேன். தடுப்பூசி போட்டதா? இல்லை என்றேன். அவர் பார்த்த பார்வையை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். குழந்தைக்கு ஊசி போட்டார்கள். அது வீறிட்டு அழுதது. பூனையைக் கொல்லாதீர்கள், எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள், பதினான்கு நாள் கண்முன்னே வைத்துக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு நாள்க்கா. அதுக்குள்ள அது கடிக்கிறத விட்டா இருக்கட்டும். இல்லாட்டி நானே சாக்குல போட்டு பன்சலை வாசல்ல விட்டுட்டு வந்துருவேன். அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

பன்சலையில், அதாவது புத்த கோயிலில், விட்டால் பாவம் சேராது என்பதில் எங்கள் பக்கம் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே அபிப்பிராயம். அங்கே படுத்திருக்கும் நாய்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை.

சரி, பழக்குவோம் என்று இறங்கினேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கடித்தால் மூக்கில் ஒரு தட்டு. தட்டினேன். திரும்பக் கடித்தது. பலமாகத் தட்டினேன். காதை மடக்கிக்கொண்டு கையிலேயே தொங்கியது. மூன்று நாளில் கட்டைவிரல் முழுக்கக் கீறல். பால் கத்தியைப் பிடித்தால் வியர்வை பட்டு எரிந்தது. எரிய எரியக் கோபம். கோபம் வர வர அடி…

நான்காம் நாள் கூடையில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். சின்ன வயதுப் பெண். நோய்க்குறி எதுவும் இல்லை, பதினான்கு நாள் போனதும் தடுப்பூசி போடலாம் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அடிக்கிறீங்களா?"

"பின்னே கொஞ்சவா சொல்றீங்க?"

அடித்தால் அது விளையாட்டு என்று நினைக்கும், இல்லாவிட்டால் பயப்படும், இரண்டிலும் கடிதான் கூடும் என்றார். கூடப் பிறந்த குட்டிகளோடு வளர்ந்திருந்தால், கடித்தால் வலிக்கும் என்று அவை திருப்பிக் கடித்தே சொல்லிக்கொடுத்திருக்கும். இதற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கையையும் காலையும் விளையாட்டுச் சாமானாகக் காட்டாதீர்கள். கயிற்றில் துணியைக் கட்டி ஆட்டுங்கள். கடித்தால் கையை இழுக்காமல் அசையாமல் வையுங்கள். விட்டதும் எழும்பிப் போய்விடுங்கள்.

"எழும்பிப் போறதா? நான் என்ன கோவிச்சுக்கிட்ட புருஷனா?"

"புருஷன் எழும்பிப் போனா ஒங்களுக்கு வெளங்குதுதானே? அதுக்கும் வெளங்கும்" என்றார்.

நம்பிக்கை இல்லாமல்தான் செய்தேன். இரண்டே நாளில் வித்தியாசம் தெரிந்தது. கையை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்தது. ஆனால் மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால் மறுபடி பழைய குணம். காலையில் திருந்தும், மாலையில் கெடும். இதென்ன கூத்து?

ஒன்பதாம் நாள் விடியற்காலையிலிருந்து மழை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வீட்டில் இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் ஆறு வீடு. ஆறுக்கும் முன்னால் ஒரே நீட்டுக்குத் திண்ணை மாதிரி இஸ்தோப்பு. பூனைக்குச் சுவர் ஏது? சூட்டி கடைசி வீட்டில் ஆரம்பித்து வரிசையாக வந்தது. ஒரு வீட்டில் விரலை ஆட்டினார்கள். இன்னொரு வீட்டில் மாவுச் சாக்குக்குள் கையை விட்டு மல்லுக்கட்டினார்கள். நான் ஒரு வீட்டில் பழக்க, ஐந்து வீட்டில் கெடுக்கிறார்கள்.

அப்புறம் அது வசந்தி வீட்டுக்குள் நுழைந்தது. வசந்தி கார்மெண்ட் தையல் வேலைக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் சுரேஷ் ராத்திரி வாச்சர். பகலில் குழந்தையைப் பார்ப்பது அவன்தான். கட்டிலில் மல்லாந்து படுத்து, போர்வைக்குள் கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்தான். சூட்டி பாய்ந்து கடித்தது. பக்கத்தில் குழந்தை கைதட்டிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே தன் காலையும் நீட்டி ஆட்டியது.

உள்ளே போய்ப் பூனையைத் தூக்கினேன்.

"ஏன்டா, ஒனக்கு அறிவிருக்கா?"

"சும்மா பிள்ளைக்கு வெளாட்டு காட்டுறேன்க்கா. இது இருந்தாதான் அழுவாம இருக்குது."

"இந்த வெளாட்டுலதான்டா ஒம் பிள்ளை ஊசி வாங்குச்சு."

காலை இழுத்துக்கொண்டான். "வசந்திகிட்ட சொல்லாதீங்கக்கா" என்றான்.

சொன்னேன். அன்று மாலையே, அவள் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"சாக்கு எடுத்துத்தான் வச்சிருக்கேன். பெரிய சாக்கு. நீங்களும் ஏறிக்கங்க" என்றாள் அவனிடம்.

மறுநாள் ஆறு வாசலிலும் ஆணி அடித்து, கயிற்றில் துணி கட்டித் தொங்கவிட்டேன். யாரும் கையைக் காட்டக்கூடாது, காலைக் காட்டக்கூடாது. "அக்கா பூனைக்கு ஸ்கூல் வச்சிட்டாங்க" என்று கடைசி வீட்டுக்காரன் சிரித்தான். பூனைக்கில்லை, உனக்குத்தான் என்றேன்.

நம் ஆட்கள் எல்லா விஷயத்திலும் இப்படித்தானே? விளையாட்டென்று நாமே கற்றுக்கொடுப்போம். அது நன்றாகக் கற்றுக்கொண்டதும் அடிப்போம்.

பதினான்காம் நாள் வசந்தி சாக்கை எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சூட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. நேற்று குழந்தை அதன் முன்னால் காலை ஆட்டியது. சூட்டி மோந்து பார்த்துவிட்டுத் துணியை இழுக்கப் போய்விட்டது. வசந்தி அதற்குக் கருவாட்டுத் தலை ஒன்றைப் பிசைந்து வைத்தாள்.

அவள் மடியில் ஏறிப் படுக்கிறது. சுரேஷ் மடியிலும் படுக்கிறது. நான் கொண்டை போடக் கையைத் தூக்கினால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்கிறது.

இதற்கு யாரைப் போய்த் திட்டுவது?