தழும்புக்கு அஞ்சிப் போட்ட கணக்கு

பெற்ற மகளின் உடல்நலத்தைவிட அவளது கல்யாணம் பெரிதென்று ஒரு தாய்க்கு எப்படித் தோன்றும்? ஆனால் எனக்குத் தோன்றியது. அதை மறைக்கப் பொய்க் கணக்கு ஒன்றைப் போட்டேன்.

அப்போது என் மகளுக்குப் பதினோரு வயது. மாலையானால் இமைகள் தொங்கிவிடும். பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோகும்.

என் கணவர் பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு லீவு கிடைக்காததால் நான் மட்டுமே அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்குகிறது என்றார் டாக்டர். ஒன்று, ஆயுள் முழுக்க மாத்திரை. அல்லது மதராஸில் ஆபரேஷன் செய்து நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை எடுப்பது.

"சின்ன வயசுலயே செஞ்சிட்டா பலன் அதிகம்மா" என்றவர், தம் மார்பின் நடுவே மேலிருந்து கீழாக விரலால் கோடிழுத்துக் காட்டினார். அதற்குப் பின் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டில் மாமனார் உடனே சொன்னார்: "முந்திரித் தோப்ப வித்துடலாம்மா. புள்ளய விட அது ஒசத்தியா?"

"அவசரப்படாதீங்க மாமா. ரெண்டுக்கும் என்ன ஆவும்னு பாத்துச் சொல்றேன்."

அந்த வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஆபரேஷன் பக்கத்தில் தங்கும் செலவு, ரத்தம், என் கணவருடைய சம்பள இழப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். மாத்திரைப் பக்கத்தில் ஒரே ஒரு மாதச் செலவை மட்டும் வைத்தேன். மாத்திரையே போதும் என்றேன். சின்ன வயதிலேயே செய்தால் பலன் அதிகம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

என் மனத்தில் ஓடியது செலவே அல்ல. மார்பில் தழும்புள்ள பெண்ணை யார் கட்டுவார்கள்... மறைத்துக் கட்டிக்கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால்...

மறு வருடம் அந்தத் தோப்பை விற்று நாத்தனாருக்குக் கல்யாணம் செய்தார்கள். நான் ஓடியாடிப் பரிமாறினேன்.

மூன்று வருடம் போயிற்று. சென்ற மாதம் மகளுக்கு மூச்சே திணறியது. திருச்சி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

"அப்பவே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே. இப்பவும் செய்யலாம், ஆனா அந்த அளவுக்குப் பலன் இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் அதே டாக்டர் என் கணவரிடம்.

நான் வாய் திறக்குமுன் என் கணவர், "அப்ப வசதி இல்லீங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "செலவ என்னால தாங்க முடியாதுன்னுதானே டாக்டர் சொன்னத அப்ப சொல்லாம வுட்ட?"

ஆமென்று தலையசைத்தேன். முதல் பொய்யைவிட இது எளிதாக வந்தது.

அன்றிலிருந்து அவர் இரட்டை டூட்டி பார்க்கிறார். தமக்குச் சம்பாதிக்கத் துப்பில்லாததால்தான் மகளுக்கு இந்த நிலை என்று நம்புகிறார்.

அடுத்த மாதம் மதராஸ் போகிறோம். நேற்று மகள் கேட்டாள்: "தழும்பு இருக்குமாம்மா?"

"இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது. சோறு திங்க முடியுமில்ல?"

படிக்கும் உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். புறப்படுமுன் என் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடவா? சொன்னால், மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் நேரத்தில் அவர் என் பக்கத்தில் நிற்பாரா? சொல்லாவிட்டால், என் குற்றத்தை அவரே காலமெல்லாம் சுமப்பாரே...

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். நாங்கள் போவதற்குள் எழுதுங்கள்.