ஆளுக்கு முன்னால் வந்த மூட்டை

பெட்டிகள் வந்து விழுகிற பட்டை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களோடு விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பெட்டிகளையும் மகள் வண்டியில் ஏற்றிவிட்டாள். ஒரே ஒரு பெட்டி மட்டும், பழுப்பு நிறம், பிடியில் சிவப்பு நாடா கட்டியது, எடுப்பாரில்லாமல் சுற்றிச் சுற்றி என் முன்னால் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் இந்தப் புது விமான நிலையத்தில் வாய் பிளந்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது. முகம் தெரிகிற தரை, தானே நகர்கிற நடைபாதை, நம்மூர்த் தேர் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இடிக்காத கூரை. எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. ஆளில்லாமல் வருகிற சாமானை அப்படியே விட்டுவிட்டுப் போக இந்த வயதிலும் என்னால் முடியாது. "நம்ம பெட்டிதான் வந்துருச்சுல்ல, நடங்க" என்றாள் மகள். நான் நகரவில்லை.

முப்பதுகளின் கடைசியில் ஒரு மூட்டை இதே சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி, காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கட்டியவர் என் அப்பச்சி, என்னைப் பெற்ற தகப்பனார். அதற்குள் இருந்த முடிச்சை அவிழ்த்தவள் என் ஆத்தா. ஆத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு பொழுதுதான் ஞாபகத்துக்கு வரும். அவள் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. நெற்குப்பையில் பிறந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் எதற்காவது மல்லுக்கு நின்றால், "நெற்குப்பைப் பிடிவாதம் வந்துருச்சுப்பா" என்று எங்கள் பங்காளி வீடுகளில் கேலி பேசுவார்கள். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்பச்சிக்குச் சிங்கப்பூரில் கிட்டங்கியில் வட்டித் தொழில். நீளமான ஒரே கூடம். ஆளுக்கொரு பெட்டியும் பாயும். அங்கேயேதான் தொழில், சாப்பாடு, தூக்கம் எல்லாம். போனால் வருஷக்கணக்கில் திரும்ப மாட்டார். எனக்கு விவரம் தெரிந்தபோது அவரை விட அவர் அனுப்பிய பிஸ்கோத்துத் தகரத்தைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், படுத்த படுக்கையாகிவிட்டார். அப்பச்சி அவருக்கு ஒரே மகன். அவர் கண் மூடுவதற்குள் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வாசல் பக்கம் தலையைத் திருப்பியே படுத்திருப்பார். "வாரானா?" என்று கேட்பார். "வாராக" என்று ஆத்தா சொல்வாள். அப்பச்சிக்குத் தந்தி போயிற்று. கப்பலில் வந்தால் முகத்தைப் பார்க்க முடியாது என்று, எங்கள் தெருவில் அதுவரை யாரும் செய்யாத காரியத்துக்கு அவர் துணிந்தார். விமானத்தில் வருவதென்று முடிவு செய்தார்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூர் விமான நிலையத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். கடலோரச் சதுப்பில், நண்டு ஓடிக்கொண்டிருந்த சேற்றில், மண்ணைக் கொட்டிக் கொட்டித் தூர்த்து உண்டாக்கிய இடமாம். மண் சுமந்தவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்களாம். வட்டமாக ஒரு புல்வெளி. காற்று எந்தத் திக்கிலிருந்து அடித்தாலும் அதற்கு எதிர்த்து விமானம் இறங்க வசதியாக அப்படி வட்டம். ஓரத்தில் வெள்ளைக் கட்டடம், அதன் தலையில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே சாப்பாட்டுக்கடை உண்டு. அப்பச்சி அங்கே பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. தண்ணீரில் இறங்குகிற விமானத்துக்கும் பக்கத்திலேயே துறை. எல்லாவற்றையும் விட அவர் கூச்சப்பட்டது தராசுக்குத்தான். சாமானை நிறுக்கிறார்கள் என்று பார்த்தால் ஆளையும் ஏறி நிற்கச் சொன்னார்களாம். "கோயில்ல துலாபாரம் குடுக்கிற மாதிரியில்ல நிக்க வச்சுப்புட்டாக" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அப்படி அவர் சிரித்துச் சொன்னது அந்தத் தராசை மட்டும்தான்.

முதலில் கிளம்பிய விமானத்தில் அவருக்கு இடம் இல்லை. யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் ஏறிக்கொள்ளலாம் என்று சொன்னதால், மூட்டையோடு போய்க் காத்திருந்தார். அவரையும் நிறுத்தார்கள், மூட்டையையும் நிறுத்துச் சீட்டுக் கட்டினார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள்; இவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் வடக்கே சூலம். வடக்கு நோக்கிப் போகிற பயணத்தைச் சூலத்தில் தொடங்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. அதுவும் சாகக் கிடக்கிற தகப்பனைப் பார்க்கப் போகும்போது. அதற்கு ஒரு வழி உண்டு, பரஸ்தானம் என்று. நாம் கிளம்ப முடியாவிட்டாலும், நல்ல நேரத்தில் நம் உடுப்பையும் அன்றாடம் கையாளுகிற பொருளையும், மஞ்சள் அரிசியும் பாக்கும் முடிந்து, மூட்டையாகக் கட்டி, போகிற வழியில் வேறோர் இடத்தில் வைத்துவிட்டால், நாமே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு அதை எடுத்துக்கொண்டு எந்த நேரத்திலும் போகலாம். அப்பச்சி யோசித்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பயணத்துக்கென்று மடியில் முடிந்து வந்த மஞ்சள் அரிசியையும் பாக்கையும் மாற்று வேட்டியின் முனைக்கு மாற்றி, விபூதிப் பையோடு மூட்டைக்குள் வைத்தார். நிறுக்கிற இடத்தில் நம் தமிழர் ஒருவர் வேலையில் இருந்தார். "செவ்வாக்கெழமை வந்து எடுத்துக்கிறேன், இங்குட்டே ஒரு ஓரமா இருக்கட்டும்" என்று அவரிடம் மூட்டையை வைத்துவிட்டு வந்தார். விமான நிலையத்தில் பரஸ்தானம் வைத்த ஆள் உலகத்திலேயே என் அப்பச்சி ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தத் தமிழர் அடுத்த வேலைக்கு அங்குட்டு நகர்ந்திருக்கிறார். வேறொருவர் வந்து பார்க்கிறார். சீட்டுக் கட்டிய மூட்டை, ஊர் விலாசம் எழுதியது, அநாதையாகக் கிடக்கிறது. வெளியே அதே விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. ஐயோ, யாரோ பயணியின் சாமான் விட்டுப்போயிற்றே என்று பதறி, தானே தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏற்றிவிட்டார், புண்ணியவான். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? செவ்வாயன்று அப்பச்சி போய்க் கேட்டபோது, மூட்டை முன்னாலேயே போய்விட்டது என்றார்கள். அவருக்குச் சந்தோஷம்! நல்ல சகுனம் என்று நினைத்து ஏறிவிட்டார். தந்தி ஏதும் கொடுக்கவில்லை. அக்கரையிலிருந்து தந்தி வந்தாலே எங்கள் தெருவில் பிரித்துப் படிக்கும் முன் அழுகை தொடங்கிவிடும். நோயாளி இருக்கிற வீட்டை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். கல்கத்தாவில் இறங்கி ரயிலில் மெட்ராஸ் வந்து, அங்கே வேறு ரயிலுக்கு மாறும்போது, ஒரு கூலியாள் யாருடைய படுக்கையையோ தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போவதைப் பார்த்தாராம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனித் தந்தி கொடுத்தாலும் அதுவும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்வோம் என்று ரயிலில் ஏறி உட்கார்ந்தாராம்.

எங்கள் ஊரில் ஆளில்லாமல் மூட்டை வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். மலாயாவிலோ பர்மாவிலோ ஒருவர் போய்விட்டால் உடலா வந்து சேரும்? உடன் இருந்தவர்கள் அவர் துணிமணியைக் கட்டி அனுப்புவார்கள். சேதி சொல்லும் கடிதம் சில சமயம் மூட்டைக்குப் பின்னால் வரும். எங்களுக்கு நாலு வீடு தள்ளி அப்படி ஒரு மூட்டை வந்து இறங்கியதையும், அந்த வீட்டுச் சின்னாச்சி உள்முற்றத்து வளவில் விழுந்து புரண்டதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பச்சி மெட்ராஸில் ரயில் மாறிய அன்று பிற்பகல் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டி வந்து நின்றது. அப்பச்சி வந்துவிட்டார் என்று நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை முகப்பில் வைத்துவிட்டு நின்றார். பெரியப்பச்சி, அப்பச்சிக்குப் பெரியப்பா மகன், வந்து அவிழ்த்தார். மேலே வேட்டி, துண்டு. உள்ளே அப்பச்சியின் விபூதிப் பை. குளிக்கும்போதுகூடக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் பை அது. அதைக் கண்டதும் பெரியப்பச்சி, "அடப்பாவி, போயிட்டியாடா" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். பக்கத்து வீடு, எதிர்வீடு, செக்காலையில் இருந்த உறவு, எல்லாப் பெண்களும் கூடி வளவே இரைந்தது. வீட்டுப் பெரியவள் ஒருத்தி ஆத்தாவின் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குக்கூட விளங்கியது. நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டேன்.

ஆத்தா அழவில்லை. கீழே உட்கார்ந்து, வேட்டியை எடுத்து, அதன் முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி. மஞ்சள் தடவிய அரிசி. அதோடு ஒரு கொட்டைப்பாக்கு. அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: "மஞ்சள் அரிசி முடிஞ்சு எவனாச்சும் எழவு சேதி அனுப்புவானா? இது பரஸ்தான மூட்டை. அவுக கெளம்பிட்டாக. வந்துக்கிட்டு இருக்காக. அழுகிறவுக எந்திரிச்சு வெளியே போங்க."

"ஆத்தா, மனசைத் தேத்திக்க. கூட இருந்தவுக எதையாச்சும் சேத்துக் கட்டியிருப்பாக" என்றார் பெரியப்பச்சி. பாவம், அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை. "மஞ்சளுமா சேத்துக் கட்டுவாக? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள் ஆத்தா.  சிங்கப்பூருக்கே தந்தி கொடுத்துக் கேட்டுவிடுகிறேன் என்று பெரியப்பச்சி எழுந்து போனார். கூட்டம் கலையவில்லை, குரல் மட்டும் அடங்கியது. ஆத்தா சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உடம்பு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் அப்படி அடித்துப் பேசியவளுக்கும் உள்ளே நிச்சயம் இருக்கவில்லை. வெளியே வரும்போது முகம் கழுவிப் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தாள்.

நேரே ஐயாவிடம் போனாள். அத்தனை அழுகையும் அவர் காதில் விழுந்திருந்தது. "யாரு?" என்று ஒரே சொல்லாகக் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் அவர் பக்கம் போகவில்லை. ஆத்தா அவர் காதருகே குனிந்து, "ஒண்ணும் இல்லை. உங்க மகன் கெளம்பிட்டாக. மூட்டையை முன்னால விட்டுட்டுப் பின்னால வாராக. இந்தாங்க, அவுக முடிஞ்ச மஞ்சள் அரிசி" என்று அவர் உள்ளங்கையில் அந்த அரிசியை வைத்தாள். ஐயா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை. விடியும் நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

காலையில் ஊரே கூடியது. கொள்ளி வைக்க மகன் இல்லை என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். பெரியப்பச்சியின் மகனைக் குளிக்கச் சொல்லிவிட்டார்கள். மூடிய கையைப் பிரித்து நேராக வைக்க ஒருவர் குனிந்தபோது ஆத்தா குறுக்கே போய் நின்றாள். "மெட்ராஸ் ரயிலு வரட்டும்" என்றாள். "எத்தனை ரயிலுக்குத்தான் போட்டு வைக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். "அவுக வாற ரயிலுக்கு" என்றாள். நெற்குப்பைப் பிடிவாதம் என்று அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முற்பகல் ரயிலில் அப்பச்சி வந்தார். தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டிருக்கும். வண்டியை விட்டு இறங்கி வெறுங்கையோடு நடந்து வந்தார். அவரைக் கண்டதும் அழுதுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. ஒருத்தி "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு பின்வாங்கினாள். பெரியப்பச்சி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு பிள்ளைபோல் கதறினார். அப்பச்சி யாரையும் பார்க்கவில்லை. ஆத்தாவை மட்டும் பார்த்தார். அவள் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கையைத் தொறந்து பாருங்க" என்றாள்.

அப்பச்சி உட்கார்ந்து, விறைத்த விரல்களை மெதுவாகப் பிரித்தார். அரிசி ஒரு மணி சிந்தாமல் இருந்தது. உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. அதை எடுத்து ஐயாவின் வாயில் போட்டார். வாய்க்கரிசிக்கு மஞ்சள் அரிசி கூடாதே என்று சொல்ல வாயெடுத்த ஒரு பெரியவர் பாதியில் அடக்கிக்கொண்டார். அப்பச்சி கிளம்பிவிட்டார் என்று சிங்கப்பூரிலிருந்து பதில் தந்தி வந்தபோது நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

ஐயா நம்பினாரா, இல்லை மகன் போய்விட்டான் என்றே மனம் உடைந்து போனாரா, இது யாருக்கும் தெரியாது. அப்பச்சி கடைசிவரை தன்னைத்தான் நொந்துகொண்டார்; அதன்பின் பரஸ்தானம் வைக்கவும் இல்லை, விமானம் ஏறவும் இல்லை. "நம்பாதவுகளா அந்த அரிசியை அப்படிப் பிடிச்சுக்கிட்டுப் போவாக?" என்று ஆத்தா அவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அது அவரைத் தேற்றக் கேட்டதா, தன்னையே தேற்றிக்கொள்ளக் கேட்டதா, எனக்கு இன்றும் பிடிபடவில்லை. யார் ஊருக்குக் கிளம்பினாலும் மஞ்சள் அரிசியை அவர்கள் இடுப்பிலேயே முடிந்துவிடுவாள். "மூட்டையும் ஆளும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரணும்" என்பாள்.

அந்த வட்டப் புல்வெளி இப்போது இல்லையாம். விமான நிலையம் இடம் மாறி மாறி, கடைசியில் இங்கே வந்திருக்கிறது. ஆளை இப்போது யாரும் நிறுப்பதில்லை. பெட்டியை மட்டும்தான் நிறுக்கிறார்கள். அந்தப் பழுப்புப் பெட்டி மறுபடி என் முன்னால் வந்து போயிற்று. "வெளியில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக, ஆத்தா. இது யாருதோ, நமக்கென்ன?" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இரு, ஆளு வரட்டும்" என்றேன். அவளுக்கு எரிச்சல். எனக்குக் கால் வலி. ஆனாலும் நின்றேன். கடைசியில் ஒரு மனுஷர், எந்த ஊரோ என்ன பாஷையோ, மூச்சிரைக்க ஓடி வந்து சிவப்பு நாடாவைப் பார்த்ததும் பெட்டியை வாரி எடுத்துக்கொண்டார். "வந்துட்டாக" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, என் கண்ணில் தண்ணீரைக் கண்டு தயங்கி, தலையை அசைத்துவிட்டுப் போனார்.