குமிழ் நடுவில் நிற்க வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ஆறு மேசைகள். ஐந்து ஆடும். ஆடாத ஒன்றின் அடியில், காலை ஷிப்ட் முடிந்து இரண்டே கால் மணிக்கு, முப்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் முட்டிபோட்டுக்கொண்டிருப்பான். நேற்று ஆடாத மேசை இன்றும் ஆடாமல்தான் இருக்கிறதா என்று பார்க்கிறான். சட்டைப்பையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை எடுத்து மேசைக்காலுக்கடியில் செருகி, மேலே உள்ளங்கையை வைத்து நாலு பக்கமும் அழுத்தி, திருப்தியானபின் எழுந்து உட்காருவான். அதற்குள் தேநீரில் ஏடு கட்டியிருக்கும்.

“டீ ஆறிப் போவுது, நீ அடியில பூந்துக்கினு இன்னா பண்ற?” என்பார் கடைக்காரர்.

“ஆட்ற டேபிள்ல குட்ச்சா எனக்கு எறங்காதுண்ணா.”

பெயர் ஜெகன். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பதினான்கு வருடமாக ஃபிட்டர். இயந்திரங்களைச் சமமாக நிற்க வைப்பது அவன் வேலை. ரசமட்டத்தை மேலே வைத்து, அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக் குமிழ் நடுக்கோட்டுக்கு வரும்வரை இயந்திரத்தின் காலுக்கடியில் தகடுகளைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் நடுவில் நின்றால் ஜெகனுக்கு உலகம் நன்றாக இருக்கிறது. ஒரு மயிரிழை நகர்ந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆலைக்குள் இதற்குச் சம்பளம் தருகிறார்கள். வெளியே உள்ள பிரபஞ்சத்தை அவன் இலவசமாகவே கவனித்துக்கொள்கிறான். துக்க வீட்டுக்குப் போனாலும் மாலை போட்ட படம் இடது பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தால், முதலில் படத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கை கொடுப்பான்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறான். அது ஒரு விளையாட்டு. ஆளில்லாத காட்டில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, வீடு கட்டி, பசியிலிருந்தும் பூதங்களிடமிருந்தும் பிழைத்துக்கொள்ள வேண்டும். ஊரே பூதங்களைக் கொன்றுகொண்டிருக்க, ஜெகன் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறான். அந்த விளையாட்டில் ஒரு மண்வெட்டி உண்டு. நீங்கள் எந்த உயரத்தில் நிற்கிறீர்களோ, சுற்றியுள்ள தரையை அது அந்த உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேட்டைச் செதுக்கும், பள்ளத்தை நிரப்பும். இப்படி ஒரு மண்வெட்டி இருக்கிற உலகத்தில் எவனாவது வாளைத் தொடுவானா என்பது அவன் கட்சி.

ஏழு மாதத்தில் அவன் அங்கே கட்டிய வீடு ஒரே அறை. கூரை பாதிதான் வேய்ந்திருக்கிறது. வீட்டைச் சுற்றிய தரையோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே சமம். மீஞ்சூரில் தன் வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொண்டு கூட விளையாடும் ஜெயராஜ், அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். மலையுச்சியில் இருக்கும் பெரிய பூதத்தைக் கொல்ல ஆறு வாரமாக இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

“நைனா, ஊடு ஒரு ரூமு, வாசலு மட்டும் ஏர்போர்ட்டு கணக்கா கீது. பூதம் வந்து லேண்ட் ஆவட்டும்னு போட்டுக்கினு கீறியா?”

“இரு மச்சி. மேக்கால ஒரு மேடு தெரியுது.”

“எனக்குத் தெரியலயே.”

“உனக்குத் தெரியாது.”

இதைச் சொல்லும்போது ஜெகனின் குரலில் உண்மையான இரக்கம் இருக்கும். ஜெயராஜ் மலைக்குத் தனியாகப் போனான், தனியாகச் செத்தான், மறுபடி உயிர் பெற்று வந்து பார்த்தபோது மேற்கே மேடு இல்லை.

இனி நிஜ வாசலுக்கு வருவோம். ஜெகனின் தெருவில் சாலை போடுகிறவர்கள் பழைய சாலையைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் தலைமேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று முறை போட்டதில் சாலை ஏறிக்கொண்டே போய், மதிலுக்குள் இருந்த வாசல் குளமாகிவிட்டது. போன வருட ஐப்பசியில் தெருத் தண்ணீரெல்லாம் அங்கே கூடி, நிலைப்படி தாண்டி உள்ளே வந்தது. மனைவி திலகவதி தாய்வீட்டிலிருந்து வந்த நெல் மூட்டையைக் காப்பாற்றப் போய் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்றும் தோசைக்கல்லை இடது கையால்தான் தூக்குகிறாள். சோழவரத்தில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண். கட்டுப் பிரித்த அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இன்னொரு வாட்டி ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சின்னா, நான் சோழாவரம் போயினே இருப்பேன். திரும்பி வர மாட்டேன், சொல்ட்டேன்.”

அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது ஜெகனுக்குத் தெரியும். கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவள் தாய்வீட்டில் தங்கிய நாள் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொரு நாளும் அவன் கடையில் இட்லி வாங்கி, பிரித்துப் பார்த்துவிட்டுத் தின்னாமலே திரும்ப மூடி வைத்தவன். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்குப் பயம். ஆனாலும் வாசலைத் தொடவில்லை. கேட்டால், “அரகொறயா பண்ணக் கூடாது திலகா, பிளான் போட்டுக்கினு கீறேன்” என்பான். பிளான் கம்ப்யூட்டருக்குள் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் புரட்டாசி பாதியில், பொறுக்க மாட்டாமல் திலகவதியே போன் போட்டு இரண்டு லாரி சவுடு மண்ணை வாசலில் கொட்ட வைத்தாள். வேலையிலிருந்து வந்த ஜெகனுக்குக் கதவு தெரியவில்லை, மண்குவியல்தான் தெரிந்தது. அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்கிறாள் திலகவதி. குவியல்மேல் ஏறி நின்று தன் காலைப் பார்த்தான். இறங்கி வந்து நிலைப்படியில் நின்று காலைப் பார்த்தான். நிற்கிற உயரத்துக்கு மண் தானாக வந்துவிடும் என்று ஒரு கணம் நம்பினானோ என்னவோ. வரவில்லை என்றதும் மண்வெட்டியை எடுத்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நிரவினான், தண்ணீர் தெளித்தான், திமிசுக்கட்டையால் இடித்தான், மட்டப்பலகையால் இழுத்தான். அடிக்கொரு தரம் ரசமட்டத்தை வைத்து, குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தெருவில் போனவர்கள் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து அவர்களும் சற்று நேரம் தேடிக் கொடுத்தார்கள். கடைசியில், நிலைப்படிக்கு இரண்டு அங்குலம் கீழே, வாசலின் நான்கு மூலையும் ஒரே உயரம். குமிழ் எங்கே வைத்தாலும் நடுவில் நின்றது. திலகவதி மட்டும் மதிலின் வடக்கு மூலையில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். அது வழியாகத்தான் மழைத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டும்.

“ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் வாட்டம் குட்து உடுங்க. தண்ணி ஓடணுமில்ல?”

“வாட்டம்னா சாய்வு. சாய்ஞ்சி இருந்தா எங்க லைன்ல அது ரிஜெக்ட்டு.”

“நெல்லு நடற கழனியத்தான் இப்டி சமமா வெப்பாங்க. தண்ணி நிக்கணும்னு.”

ஜெகன் சிரித்தான். கழனியையும் தன் வாசலையும் ஒன்றாகப் பேசுகிற பெண்ணுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது என்கிற சிரிப்பு.

ஐப்பசி பத்தாம் தேதி மாலை நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. விளையாட்டுக்குள்ளேயும் மழை. அந்த ஊர் மழை இடிக்கும், மின்னும், நனைக்கும், ஆனால் தேங்காது. அதைச் செய்தவர்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்ததில்லை என்று தெரிகிறது. ஜெகன் கிழக்கே கண்டுபிடித்த ஒரு மேட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து “யோவ்!” என்று சத்தம் கேட்டது. அவள் வாயில் ‘ஏங்க’ போய் ‘யோவ்’ வந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஓடினான்.

வாசல் முழுக்கத் தண்ணீர். தெருத் தண்ணீரும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அது அங்கேயே நின்று, சாவகாசமாக உயர்ந்து, நிலைப்படி ஏறி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ஜெகன் அடுத்துச் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மூன்று இடத்தில் ஆழம் பார்த்தான்.

“பாரு திலகா, எங்க வெச்சாலும் மூணு இன்ச்சு. ஒரு நூல் மாறல!”

திலகவதி உள்ளே போனாள். நெல் மூட்டைகளைக் காலையிலேயே ஆள் வைத்துக் கட்டில்மேல் ஏற்றியிருந்தாள். புருஷனின் பிளான்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. திரும்பி வந்தபோது தோளில் துணிப்பை, கையில் குடை. முறிந்து சேர்ந்த கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படித் தண்ணீரில் நின்றாள்.

“தண்ணிக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல. எனக்குத் தெரியும். மழ உட்டதும் பஸ்ஸ புடிக்கிறேன்.”

ஜெகன் ஸ்கேலைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு மழையில் இறங்கினான். நிலைப்படியிலிருந்து வடக்கு ஓட்டைவரை, தானே இடித்து இறுக்கிய மண்ணைத் தானே செதுக்கிச் செதுக்கித் தள்ளினான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் சேறாகப் போயின. உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து ஜெயராஜ், “நைனா, பூதம் உன் வாசலுக்கே வந்துட்ச்சி, எங்க கீற?” என்று கத்திக்கொண்டிருந்தான். ஜெகன் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது, கண்ணில் வழிந்தது மழையா என்று அவனுக்கே தெரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் தயங்கியது, பிறகு ஓட்டையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் நிலைப்படி வெளியே தெரிந்தது.

மழை விட்டது. முனையில் பஸ் ஹாரன் கேட்டது. திலகவதி நின்ற இடத்திலேயே நின்றாள். ஜெகன் பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்து ஈர மண்ணில் வைத்தான். குமிழ் நடுக்கோட்டை விட்டு ஓடிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், தகட்டைத் தொட்டு, எடுக்காமல் திரும்பி வந்தது.

“சரியா கீதா?” என்று கேட்டாள் திலகவதி. பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

ஜெகன் கண்ணாடிக் குழாயின்மேல் கட்டைவிரலை வைத்துக் குமிழை மறைத்துக்கொண்டான்.

“சரியா கீது,” என்றான்.