கடைசி வரிசைக்குத் தண்ணீர்

என் தம்பிக்கு விவசாயத் துறையில் வேலை. குறைந்த தண்ணீரில் பயிரைக் கரையேற்றச் சொல்லிக்கொடுப்பான். மழை தவறத் தொடங்கியதிலிருந்து அவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அபூர்வம். பார்க்கிறவர்களை எல்லாம் சொட்டுநீர்க் குழாய் போடவைத்ததால் அவனுக்கு 'சொட்டு சார்' என்றே பெயராகிவிட்டது. அக்காவான எனக்கு அதில் பெருமைதான்.

அன்று என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும் வழியில், "ஒரே நிமிஷம்க்கா" என்று ஒரு தக்காளித் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினான். அவனுடைய நிமிஷம் எனக்குத் தெரியும்.

தோட்டக்காரரின் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. இந்தப் பயிரும் காய்ந்தால் நிலத்தை விட்டுவிட்டு டவுனில் இருக்கும் மகனிடம் போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

குழாயைத் தூக்கிப் பார்த்த தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். காய்ச்சிய ஆணியால் அவர் துளைகளைப் பெரிதாக்கியிருந்தார். முன்வரிசைகளில் சேறு. தண்ணீர் போய்ச் சேராத கடைசி வரிசைகளில் செடிகள் தலைதொங்கிக் கிடந்தன.

"என்ன பெரியப்பா, குழாய்க்கெல்லாம் காது குத்திட்டீங்களா?"

"பின்ன? மூக்கு ஒழுகுற மாதிரி சொட்டுது. மேல்மண்ணு நனையவே இல்ல. கண்ணுக்குத் தெரியாத தண்ணிய எப்படிப்பா நம்புறது?"

"இவருக்குத் தாகம்னா சொம்போட கவுத்துக்கணும். செடிக்கும் அதே உபசாரம்" என்றார் அவர் மனைவி.

தம்பி திட்டவில்லை. "தப்பு என்மேலதான் பெரியப்பா. குழாயப் போட்டேன், மண்ணத் தோண்டிக் காட்டாமப் போயிட்டேன்."

கிணற்றோரத்தில் மனைவி அவரைத் தொடவிடாத வரிசை ஒன்று இருந்தது. அதில் ஒரு செடியின் அருகே தோண்டி, அவர் கையைப் பிடித்துக் குழிக்குள் வைத்தான். மேலே புழுதி, வேர்ப்பக்கம் நல்ல ஈரம். அவர் கையை எடுக்கவேயில்லை.

பிறகு பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஆணித் துளைகளை இறுக்கிக் கட்டினோம், நானும்தான். தம்பி பக்கத்திலேயே சின்னத் துளை போட்டுக்கொண்டு வந்தான். கண் டாக்டர் கடையைச் சாத்தியிருப்பார்.

மோட்டாரைப் போட்டுவிட்டு நால்வரும் கடைசி வரிசையில் போய் நின்றோம். குழாய் கொஞ்ச நேரம் வெறும் காற்றை விட்டது. அப்புறம் ஒரு சொட்டு.

"சில செடி பிழைக்காது பெரியப்பா. பொய் சொல்ல மாட்டேன். மிச்சம் நிமிரும்."

அவர் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"பையனுக்கு ஒரு போன் போடு. காய் பறிக்க ஆள் வேணும், அவன இங்க வரச் சொல்லு."