ஆறு புழுக்கள்

அந்தக் கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் பட்டன். சட்டைப் பட்டனுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கைக்கடிகாரம், கால்குலேட்டர், கார்ச் சாவி என்று எதில் பட்டன் செல் உயிரை விட்டாலும் ஜனங்கள் அவளிடம்தான் ஓடி வருவார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிய இடத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு முக்காலி. அதற்குக் கடை என்று பெயர். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் பதினொரு வருடமாகக் குனிந்தே பிழைப்பை ஓட்டிவிட்டாள்.

வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். தண்ணீர் புகாத கடிகாரம் என்றுதானே போட்டிருக்கிறது என்று வம்புக்கு வருகிறவரிடம், தண்ணி தானா புகாது, நீங்கதான் பக்கெட்ல ஊற வெச்சிருக்கீங்க என்பாள். வருகிறவர்களை அக்கா, தம்பி, சித்தப்பா என்று வாய் நிறைய உறவு வைத்துக் கூப்பிடுவாள். அண்ணா என்று மட்டும் ஒருவரையும் கூப்பிட மாட்டாள். நாலைந்து வயது மூத்த ஆண்கள் எல்லோரும் அவளுக்கு 'சார்'தான். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பாள்.

ஊருக்கெல்லாம் செல் மாற்றுகிற அந்த மகராசி மாற்றாமல் விட்ட செல் ஒன்று உண்டு. அது மேஜையின் கீழ் இழுப்பறையில், பழைய தலையணை உறைக்குள் கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி, அதன் முதுகில் செருகிய ஒரு கேசட். புல்வெளிகளில் திரிந்து விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து, அவற்றுக்குச் செல்லப் பெயர் வைத்து வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு. அவள் அண்ணனுடையது. இருபத்து நாலு வருடமாக அதைப் போட்டுப் பார்க்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது.

அப்போது அண்ணனுக்குப் பதினாறு, அவளுக்குப் பதினொன்று. அவளை வாலு என்றுதான் கூப்பிடுவான். எது கிடைத்தாலும் பாதி கொடுப்பவன், இதில் மட்டும் மகா கஞ்சன். காரணம் இருந்தது. அந்தக் கேசட்டில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் இடம். இன்னொருவர் புது ஆட்டம் தொடங்கிச் சேமித்தால், முன்னவருடைய ஜந்துக்கள், பெயர் எல்லாம் அழிந்துபோகும். இரண்டு வருடம் போர்வைக்குள் ஒளிந்து வளர்த்த ஆறு ஜந்துக்களைப் பற்றிக் கதை கதையாக அளப்பான். ஒன்று நெருப்பைக் கக்குமாம், ஒன்று மலையையே புரட்டுமாம். எங்கே காட்டு என்றால் மட்டும், தொட்டால் கையை உடைப்பேன் என்பான்.

பிறகு அவனுக்கு ரத்தத்தில் நோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டுக்குள் சிறுவர்களை விட மாட்டார்கள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கிருந்து போன் வரும், அவள்தான் முந்திக்கொண்டு எடுப்பாள். விளையாட்டுப் பெட்டியை அவன் கொண்டுபோகவில்லை. கட்டில் மேல், கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தான். அவசரத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்தாள்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். நெருப்பும் இல்லை, மலையும் இல்லை. இருந்தவை ஆறு புழுக்கள். முதல் புல்வெளியில் காலை வைத்ததுமே அகப்படுகிற, யாரும் சீந்தாத பச்சைப் புழுக்கள். அன்றைக்குப் போனில் அவன் மானத்தை வாங்கிவிட்டாள். உன் பெரிய சேனையைப் பார்த்துட்டேன், ஆறும் புழு என்றாள். அவன் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் புழுக்களுக்கா இத்தனை காவல் என்று அவளுக்கு ஆத்திரம். மறுநாள் புது ஆட்டம் தொடங்கித் தன் பெயரைப் போட்டாள். சேமித்தால் பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று பெட்டி கேட்டது. பரவாயில்லை என்று அழுத்தினாள். திரையில் அண்ணன் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அடுத்த நாள் நாலு மணிக்குப் போன் அடித்தது. அண்ணனின் குரல் தேய்ந்துபோயிருந்தது. சாப்பிட்டாயா, படித்தாயா என்று எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லையே. அன்னிக்குப் பார்த்ததோட சரி, அப்புறம் நான் தொடவே இல்லை."

அவனுக்கு மூச்சு இரைத்தது. பிறகு "சரி" என்றான். அதற்கு மறுநாள் நாலு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அடிக்கவே இல்லை.

அவன் கண்டுபிடித்துவிட்டான், தெரிந்துதான் கேட்டான், அந்த 'சரி'யோடு தன்னை வெறுத்துவிட்டுப் போய்விட்டான் என்று அவள் நம்பினாள். அழித்ததைக்கூட ஒருவாறு ஆறப்போட முடிந்தது, சாகக் கிடந்தவனிடம் புளுகியதை முடியவில்லை. மாடியில் பல் டாக்டரின் பழைய போன் அடித்தால் இன்றைக்கும் இடுக்கியைக் கீழே வைத்துவிடுவாள். கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, ஆரம்பிச்சிட்டீங்களா என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். மேஜை மேல் முப்பது கடிகாரம் ஓடுகிற சத்தத்துக்கு அடியில் அந்தக் கேள்வி நாள் முழுக்க ஓடும். பேய் என்றால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று சட்டமா என்ன? அவளைப் பிடித்தது ஒரே ஒரு வார்த்தை.

போன மாதம் அவளிடம் ஒரு மருந்துக் கடைக்காரர் வந்தார். ஒட்டடைக் கம்பு உயரம், மாடிப்படிக்கு அடியில் நுழைவதற்குள் மூன்றாக மடிய வேண்டியிருந்தது. கைக்கடிகாரத்துக்கு செல் மாற்றச் சொன்னார். திறந்து பார்த்தால் செல் புத்தம் புதுசு. நல்லாத்தானே சார் இருக்கு என்று மூடிக் கொடுத்தாள். மறுவாரம் அதே கடிகாரம், அதே செல். மூன்றாவது தடவையும் அதையே நீட்டியபோது, கடிகாரத்துக்கு ஒண்ணும் இல்லை, உங்களுக்குத்தான் என்னமோ ஆச்சு என்று சொல்லியேவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். இழுப்பறையில் இருந்ததற்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தது.

இதற்குள் இருக்கிற செல் போகப் போகிறது, போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அழியாமல் மாற்ற உங்களால்தான் முடியும் என்கிறார்கள் என்றார். அவள் பெட்டியைத் தொடவே இல்லை. இந்த வேலை நான் எடுக்கிறதில்லை சார் என்றாள். அவர் பெட்டியைப் போட்டு, திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து அவளை நோக்கித் திருப்பினார். ஒரு நெருப்பு ஜந்து நின்றது. கீழே, அதை முதலில் பிடித்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் அண்ணனின் பெயர் இருந்தது. அந்த விளையாட்டில் பெயருக்கு ஏழு எழுத்துத்தான் இடம், அதனால் கடைசி எழுத்து இல்லாமல் பாதியில் நின்றிருந்தது.

"நான் நெட்டை. உங்க அண்ணனோட படிச்சவன்."

நெட்டை என்ற பெயர் அவளுக்குத் தெரியும். அண்ணன் வாயில் நாளைக்கு நாற்பது தடவை வந்த பெயர். இது எப்படி உங்ககிட்ட என்று கேட்க வாயெடுத்தவள், அதற்குள் கேசட்டைத் திறந்து செல்லின் மேல் மீட்டரை வைத்துவிட்டாள். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைகூட இல்லை. கேள்வியை ஓரமாக வைத்தாள்.

பழைய செல்லைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தால் அந்த இடைவெளியிலேயே எல்லாம் போய்விடும். முதலில் வெளியே ஒரு நல்ல செல்லை வைத்து, இரண்டு மெல்லிய கம்பிகளால் அதை உள்ளே இணைத்து, நினைவைப் பிடித்துவைத்துக்கொண்டு, அப்புறம்தான் பழையதை எடுக்க வேண்டும். கம்பிகள் ஒன்றோடொன்று கண் இமைக்கிற நேரம் உரசினாலும் கதை முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனால் இது அவன் பெயரை ஒரு தடவை அழித்த கை. மணிக்கட்டை மேஜையில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, பழைய செல்லின் தகட்டை நெம்பி எடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைத்தாள். பெட்டியைப் போடும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். இருக்கு என்றார். அப்போதுதான் மூச்சை விட்டாள்.

பிறகு கேட்டாள். அவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அண்ணன் அவர் வீட்டுக்கு வந்தானாம். இரண்டு பெட்டிகளையும் ஒயர் போட்டு இணைத்தால் ஜந்துக்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும். தன் ஆறையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் புல்வெளிப் புழுக்கள் ஆறு பிடித்துத் தரச் சொல்லி வாங்கிப் போனானாம்.

"எதுக்குடான்னு கேட்டேன். கேசட்டை வாலுக்கு விட்டுட்டுப் போறேன், முதல்ல இருந்து ஆரம்பிச்சு விளையாடட்டும்னான். அதை அவகிட்ட சொல்லிக் குடேன்டான்னேன். நானா எடுத்துக் குடுத்தா, நான் திரும்பி வர மாட்டேன்னு பயந்துருவா, அவளாத் திருடிக்கட்டும்னு சொன்னான்."

மேஜை மேல் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"போன்ல நீங்க புழுன்னு கிண்டல் பண்ணினீங்களாம். மீன் தூண்டில்கிட்ட வந்துருச்சுடான்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிச் சிரிச்சான். அதுதான் கடைசி. அவன் போனதுக்கப்புறம் உங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். அவனோடதை வெச்சுக்கிட்டு உங்க அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரலை."

ஆரம்பிச்சிட்டியா என்று அவன் கேட்டது அவளை மடக்குவதற்காக இல்லை. அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆமா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் எதிர்பார்த்திருக்கிறான். அவள் இல்லை என்றாள், அவன் சரி என்றான். கொடுத்தது போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனான். இத்தனை வருடம் ஒரு குற்றத்தைச் சுமந்தவளுக்கு அன்றைக்கு அது நீங்கிப்போயிருக்க வேண்டும். நீங்கவில்லை. அவன் வெறுத்திருந்தாலே பரவாயில்லை என்று தோன்றியது. முகத்தை மேஜை விளக்குக்கு மறைத்துக்கொண்டு அழுதாள். மருந்துக் கடைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், பழுதே இல்லாத அந்தக் கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றிக் கட்டினார்.

அன்றே இழுப்பறையைத் திறந்து அண்ணனின் பெட்டியை எடுத்தாள். கேசட்டின் செல் எப்போதோ செத்திருந்தது, அவள் பதினொரு வயதில் திருடி ஆடிய ஆட்டமும் கூடவே போயிருந்தது. புது செல் வைத்துப் போட்டால் புது ஆட்டம் என்ற ஒரே வரிதான் வந்தது. கட்டைவிரல் அதன் மேல் நெடுநேரம் நின்றது, பிறகு அழுத்தினாள். நாலு நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதவைப் பாதி சாத்திவிட்டு ஆடினாள். முதல் புல்வெளியில் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்தாள்.

ஐந்தாம் நாள் அவர் ஒயரோடு வந்தார். ஆறையும் எடுத்துக்கோங்க என்றார். ஒன்று போதும், மற்றதெல்லாம் உங்க சிநேகிதன் உங்களுக்குக் குடுத்தது என்றாள். புழு அந்தப் பக்கம் போயிற்று. நெருப்பு ஜந்து இந்தப் பக்கம் வந்தது. அதன் விவரப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்குக் கவனிக்காத மேல் வரியைப் பார்த்தாள். அண்ணன் அதற்கு வைத்த செல்லப் பெயர் வாலு.

சண்டைக்கு அழைத்துப்போய், தாக்கு என்று அழுத்தினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். படுத்துத் தூங்கிவிட்டது.

"அடுத்தவங்க வளர்த்தது சொன்ன பேச்சு கேட்காது. நிறையப் பதக்கம் ஜெயிச்சாத்தான் மதிக்கும். எனக்கும் இத்தனை வருஷமா இதே மரியாதைதான். அது அவன் பேச்சைத்தான் கேட்கும்."

நான் பதக்கம் ஜெயிக்கப்போறதில்லை என்றாள். மாடியில் பல் டாக்டரின் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள்.

"அண்ணா" என்றாள்.

மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்தார். தன்னை இல்லை என்று புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆரம்பிச்சிட்டேன்."

போன் அடித்து ஓய்ந்தது. திரையில் வாலு தூங்கிக்கொண்டிருந்தது.