அழுக்கு நீங்கிய கவசம்

சென்ற வருட மாறுவேடப் போட்டியில் நடுவர் என் கவசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நேத்துதான் கடையில வாங்கினீங்களா?" என்று கேட்டார். நாற்பது வயதில் அத்தனை பேர் முன்னால் எனக்கு முகம் சுருங்கிப் போனது. யோகா விரிப்பை வெட்டி, சூடு காட்டி வளைத்து, மார்புக்கும் தலைக்குமாக மூன்று மாதம் உயிரை விட்டுச் செய்தது. இந்த வருடம் அதையே பத்துப் போர் பார்த்த கவசமாக்கித்தான் மேடை ஏறுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஒரு பொருளைப் புதிதாகச் செய்துவிடலாம், பழசாக்குவதுதான் கஷ்டம். வெள்ளிப் பூச்சின் மேல் கறுப்பு போஸ்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இடுக்குகளில் மட்டும் அழுக்கு நிற்கும். துருவுக்கு, ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கையை உலர்த்திப் பசையில் குழைத்து அங்கங்கே அப்பினேன். வந்து வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம் என்று கூடத்தில் வைத்துவிட்டு, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்க மாட வீதிக்குப் போனேன்.

கூடத்தில் அப்பா இருந்தார். அம்மா தவறிய இந்த இரண்டு வருடத்தில் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே குறைவு. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டியதில்லை. கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அவர் இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

கூட்டத்தில் மாட்டி மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், கவசம் சரஸ்வதி படத்துக்குக் கீழே, என் லேப்டாப்புக்கும் அரிவாள்மணைக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று இருந்தது. அழுக்கும் இல்லை, துருவும் இல்லை.

"ஆயுத பூஜையும் அதுவுமா இப்படியாடி வெச்சிண்டிருப்ப? பல் தேய்க்கற பிரஷ்ஷால சோப்பு போட்டுத் தேய்ச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு," என்றார் அப்பா. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடவும் கூடாது. ஆனால் அவராக எழுந்து ஒரு வேலை செய்திருக்கிறார். "நன்னா இருக்குப்பா," என்றேன்.

போட்டி மறுநாள் பதினோரு மணிக்கு, தி. நகரில். விடிந்ததும் எடுத்தால் பாதி அழுக்கையாவது ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

விஜயதசமி காலை புனர்பூஜை முடித்து, நான் கலரைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"நானும் வரேன். தலைக்கவசத்தை என் மடியில வெச்சுக்கறேன். ஆட்டோல உரசிடும்."

கரைத்ததைத் தொட்டியில் கொட்டினேன்.

மேடையில் அதே நடுவர். "சண்டையே பார்க்காத கவசமா இருக்கே?" என்றார். மூன்றாவது வரிசையில் அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறையப் பார்த்திருக்கு சார். தொடச்சு வைக்க வீட்ல ஆள் இருக்கு," என்றேன்.

சபை சிரித்தது. பரிசு, உடம்பெல்லாம் துருவோடு வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. நியாயமான தீர்ப்புதான். எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பும்போது ஆட்டோவிலும் அப்பா தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது கேட்டார்: "மத்தவா எல்லாம் அழுக்காத்தான் வந்திருந்தா. அப்படித்தான் இருக்கணுமாடி?"

"ஆமாம்ப்பா."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ இன்னிக்கு வந்திருக்க மாட்டே."

அப்பா மடியிலிருந்த தலைக்கவசத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளைத் தட்டினார்.

"வீட்டுக்கு வேண்டாம்ப்பா. பெசன்ட் நகர் பீச்சுக்கு விடு. இதுல கொஞ்சம் மண்ணு படட்டும்."